இடையரும் வங்கியாளரும்: ஹூகோ வான் டெர் கூஸின் திருப்பிறப்பு ஓவியம் பற்றிய ஒரு நோக்கு

1

சமயம் சார்ந்த கலைப்படைப்புக்களைச் சமூகவியல் அடிப்படையிலே ஆராய முற்படும் விமரிசகர் இருபுறமும் வழுக்கும் வரம்பின்மேல் நடக்கவேண்டியவராயிருக்கிறார். ஒருபுறம், இத்தகைய படைப்புக்களைப் பக்தி அனுபவத்தின் வெளிப்பாடாக மாத்திரமே கொண்டு, அவை தோன்றிய காலத்தையும் அவற்றுக்குப் பின்னால் நின்ற பணத்தையும் மறந்துவிடும் போக்கு. மறுபுறம், அவற்றை ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலைக் கருவி என ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு அப்பாற் செல்லும் போக்கு. பக்தி இலக்கியங்கள் பற்றித் தமிழில் நடந்துவந்துள்ள விவாதங்களை அறிந்தோர்க்கு இவ்விரு போக்குகளும் புதியனவல்ல. ஓவியத்துறையிலே இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியம் பெரும்பாலும் முன்கூட்டியே விலைபேசிச் செய்விக்கப்பட்ட ஒரு பொருள். பலகைக்கும் வண்ணத்துக்கும் உழைப்புக்கும் பணம் கொடுத்தவர் ஒருவர் உண்டு. பலவேளைகளில் அவரது முகமே ஓவியத்தினுள்ளும் இடம்பெற்றிருக்கும். எனவே, படைப்பின் சமூக உறவுகளை நாம் வெளியே தேடிச் செல்லவேண்டியதில்லை. அவை நம் கண்முன்னேயே முழந்தாட்படியிட்டு நிற்கின்றன.

இவ்வகையில் ஆராயத்தக்க படைப்புக்களிலே முதன்மையானது, ஹூகோ வான் டெர் கூஸ் என்னும் பிளாந்தர் நாட்டு ஓவியர் 1470களின் நடுப்பகுதியில் வரைந்ததாகக் கொள்ளப்படும் திருப்பிறப்பு ஓவியமாகும். 'போர்த்தினாரி பீட ஓவியம்' என்று கலை வரலாற்றாசிரியர் வழங்கும் இப்படைப்பு இன்று புளோரன்ஸ் நகரின் உஃபிஸி கலைக்கூடத்திலே வைக்கப்பட்டுள்ளது. யேசு பாலனை வணங்குவதற்காக இடையர் மூவர் வந்துசேரும் கணமே இதன் பொருள். இவ்விடையரின் முகங்கள் கடந்த ஐந்நூறு ஆண்டுகளாகப் பார்ப்போரைத் தடுத்து நிறுத்தி வந்துள்ளன. அவ்வாறு நிறுத்துவது எது என்பதும், அதற்கும் இவ்வோவியத்தைச் செய்வித்த வங்கியாளருக்கும் உள்ள தொடர்பு யாது என்பதுமே இக்கட்டுரையின் வினாக்கள்.

2

முதலிலே ஓவியத்தைச் செய்வித்தவரைப் பற்றிச் சிறிது நோக்குவோம். தொமாசோ போர்த்தினாரி, புளோரன்ஸின் மெடிச்சி வங்கியினது புரூஜ் நகரக் கிளையின் முகாமையாளராக 1465 ஆம் ஆண்டு முதல் கடமையாற்றியவர். புரூஜ் அக்காலத்தில் வட ஐரோப்பிய வணிகத்தின் நடுநாயகமாக விளங்கிய துறைமுக நகர். ஆங்கிலேயக் கம்பளி, பிளாந்தரின் நெசவுத்துணி, இத்தாலியப் பட்டு, படிகாரம் ஆகியன யாவும் அங்கே கைமாறின. மெடிச்சி வங்கி பணத்தை மாத்திரம் கையாளவில்லை. இப்பண்டங்களின் வணிகத்திலும் அது பங்குகொண்டிருந்தது. போர்த்தினாரியின் பெயர் வரலாற்றில் நிலைபெற்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பேர்கண்டிக் கோமகன் துணிவுமிக்க சாள்ஸுக்கு அவர் அளவுமீறிக் கடன் கொடுத்தார். கோமகனின் அவையில் அதனாற் பெருமை கிட்டியது. ஆனால் 1477 சனவரியில் நான்சிப் போர்க்களத்திலே சாள்ஸ் வீழ்ந்தபோது அக்கடனும் அவருடன் வீழ்ந்தது. சில ஆண்டுகளுள் புரூஜ் கிளையுடனான கூட்டை மெடிச்சிக் குடும்பம் முறித்துக்கொண்டது.

ஓவியம் சென்று சேர்ந்த இடமும் கருத்திற்கொள்ளத்தக்கது. புளோரன்ஸிலுள்ள சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையை 1288 இல் நிறுவியவர் தொமாசோவின் முன்னோரான போல்கோ போர்த்தினாரி. கவிஞர் தாந்தே போற்றிய பெயற்றிசேயின் தந்தை இவரே என்பது மரபு. அம்மருத்துவமனையைச் சார்ந்த சாந்தெஜீடியோ தேவாலயத்தின் தலைமைப் பீடத்துக்காகவே இவ்வோவியம் செய்விக்கப்பட்டது. புரூஜிலிருந்து கடல்வழியாகச் சிசிலியை அடைந்து, அங்கிருந்து பீசாவுக்கும், பின்னர் ஆர்னோ ஆற்றின் வழியே புளோரன்ஸுக்குமாக அது கொண்டுவரப்பட்டது. 1483 மே 28 ஆம் நாள் நகரை அடைந்த அப்பலகைகளைச் சுமந்து செல்லப் பதினாறு ஆட்கள் வேண்டியிருந்தனர். நடுப்பலகையின் உயரம் 253 சென்ரிமீற்றர், அகலம் 304 சென்ரிமீற்றர். பக்கப் பலகைகள் இரண்டையும் விரித்தால் மொத்த அகலம் ஏறத்தாழ ஆறு மீற்றராகும். கடலிலே இத்தகைய பொருள்களுக்கு நேரக்கூடிய கதியையும் போர்த்தினாரி அறிந்திருந்தார். மெம்லிங் வரைந்த 'இறுதித் தீர்வை' ஓவியம் ஏற்றப்பட்டிருந்த அவரது கப்பல் 1473 இல் டான்சிக் நகரத்துக் கடலோடி ஒருவனாற் கைப்பற்றப்பட்டது. அவ்வோவியம் இன்றும் அந்நகரிலேயே உள்ளது.

ஆகவே, கம்பளியும் கடனும் கப்பலும் இவ்வோவியத்தின் பின்னணி என்று கூறுவது அணியுரையன்று. அது நேரடியான பொருளியல் உண்மை. பிளாந்தரின் செல்வம் ஆட்டு மயிரிலிருந்து தொடங்கிற்று. ஆடு மேய்த்தவனுக்கும் வங்கிக் கணக்கேட்டுக்கும் இடையே நெசவாளரும் சாயமிடுவோரும் தரகரும் மாலுமியரும் அடங்கிய நீண்டதொரு சங்கிலி இருந்தது. அச்சங்கிலியின் இரு முனைகளையும் ஒரே ஓவியத்தில் நாம் காண்கிறோம். ஓவியரோ செய்விப்பவரோ இதனை இவ்வாறு எண்ணிப் பார்த்திருப்பர் என்று நாம் வாதிடவில்லை. விவிலியக் கதை இடையரைக் கொணர்ந்தது; கொடையாளரின் பணம் கொடையாளரைக் கொணர்ந்தது. ஆயின், கதையும் பணமும் ஒரே பலகையிற் சந்திக்கும்போது, அச்சந்திப்புக்கு ஓவியர் கொடுக்கும் உருவம் சமூகப் பொருள் பொதிந்ததாகிவிடுகிறது.

3

இனி ஓவியத்தை நோக்குவோம். நடுப்பலகையின் மையத்திலே வெறுந்தரை. அத்தரையின்மீது, தொட்டிலுமின்றித் துணியுமின்றி, மெலிந்த ஒரு சிசு கிடக்கிறது. அதனைச் சுற்றி மெல்லிய ஒளிக்கீற்றுக்கள். பெத்லகேமிலே தாம் பெற்ற காட்சியாகப் பிரிஜித்தம்மாள் 1372 இல் உரைத்த விவரணமே இதற்கு மூலம். அதில் மரியாள் முழந்தாளிட்டபடி மகனைப் பெற்று, தரையில் ஒளிரும் அவனை வணங்குகிறாள். ஓவியத்திலும் கருநீல உடையணிந்த மரியாள் கைகளைத் தாழ்த்திக் குவித்தபடி முழந்தாளிட்டிருக்கிறாள். இடப்புறத்தே முதியவரான சூசையப்பர்; அவர் பக்கத்தே மாடும் கழுதையும். சுற்றிலும் வானதூதர் குழாங்கள். பூசையில் உதவுவோர் அணியும் வேலைப்பாடமைந்த திருவுடைகளைத் தூதருட் பலர் தரித்திருக்கின்றனர். ஆயினும் பூசை நிறைவேற்றும் குருவானவர்க்கே உரிய மேலாடையை எவரும் அணியவில்லை. தரையிற் கிடக்கும் பாலனே குருவும் பலிப்பொருளுமாவான் என்பது இதன் கருத்து. முன்னே ஒரு கோதுமைக் கதிர்க்கட்டு. பெத்லகேம் என்ற எபிரேயப் பெயர் 'அப்பத்தின் வீடு' எனப் பொருள்படும். அதனருகே மருந்துக்கடைச் சாடி ஒன்றில் லில்லி, ஐரிஸ் மலர்கள். கண்ணாடிக் குவளை ஒன்றிலே கொலம்பைன், கார்னேஷன் மலர்கள். இவை மரியாளின் துயரங்களையும் யேசுவின் பாடுகளையும் சுட்டுவன.

இவ்வாறு அன்றாடப் பொருள்களின் உள்ளே மறைந்திருக்கும் சமயக் குறியீடுகளை விளக்கும் முறையை அறிஞர் பனோவ்ஸ்கி 1953 இல் வெளிவந்த தமது ஆரம்பகால நெதர்லாந்து ஓவிய ஆய்வில் விரிவாக வளர்த்தெடுத்தார். அம்முறையின் பயனை நாம் மறுப்பதற்கில்லை. மேலே கூறிய விளக்கங்களும் அம்முறையால் விளைந்த அறிவின் பகுதியே. ஆயினும், அம்முறை பொருள்களை வாசிக்கும் அளவுக்கு முகங்களை வாசிப்பதில்லை. கதிர்க்கட்டு நற்கருணையைக் குறிக்கும், கார்னேஷன் சிலுவை ஆணிகளைக் குறிக்கும் என்று அகராதிபோலச் சொல்லிச் செல்லலாம். ஆனால் பின்னால் நிற்கும் இடையனின் பிளந்த வாய் எதனைக் குறிக்கும்? அதற்கு அகராதி இல்லை. குறியீடாகிவிடாத ஒன்று இங்கே ஓவியத்தினுள் நுழைந்திருக்கிறது.

இடையர் மூவரும் வலப்புறத்தே, கடைசியாக வந்துசேர்ந்தவராய், ஒருவர் தோளின்மீது ஒருவராக நெருக்கியடித்து நிற்கின்றனர். வெயிலிற் கறுத்த தோல், மழிக்கப்படாத தாடை, உழைப்பினால் தடித்த கைகள், கரடுமுரடான உடை. ஒருவன் கைகூப்பியிருக்கிறான், ஒருவன் கைகளை வியப்பினால் விரித்திருக்கிறான், பின்னால் நிற்பவன் வாய் பிளந்து எட்டிப் பார்க்கிறான். மூவரும் ஒரே வர்க்கத்தவர், ஆனால் மூவரும் ஒரே மனிதரல்லர். 'இடையர்' என்னும் பொது மாதிரியை வரைந்து மூன்று முறை திருப்பி வைக்கும் எளிய வழி ஓவியருக்கு இருந்தது. அவர் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. கண்டதை அறிவு பற்றிக்கொள்ளும் செயலின் மூன்று படிநிலைகளை அவர் மூன்று முகங்களிலே பகிர்ந்து வைத்துள்ளார்.

இங்கே கவனத்துக்குரிய மற்றொரு வேறுபாடும் உண்டு. இவ்வோவியத்தில் மரியாள் புன்னகைக்கவில்லை. சூசையப்பரும் வானதூதரும் கனத்த மௌனத்திலே ஆழ்ந்திருக்கின்றனர். பிறந்த மகன் எவ்வாறு இறப்பான் என்பதை அவர்கள் அறிந்தவர்கள். பிறப்பின் களிப்பைப் பலியின் நிழல் மூடியிருக்கிறது. பக்கப் பலகைகளில் மண்டியிட்டிருக்கும் கொடையாளரும் அறிந்தவர்களே. மனனஞ்செய்த மன்றாட்டிலே அவர்களுடைய கண்கள் எதிரே வெறித்து நோக்குகின்றன. அறியாதவர் இடையர் மாத்திரமே. ஆதலால் பார்ப்பவரும் அவர்களே. ஓவியத்திலுள்ள அத்தனை உருவங்களும் தாம் முன்னரே அறிந்ததை வணங்கிக்கொண்டிருக்க, இம்மூவரும் தம் கண்முன் உள்ளதைக் காண்கின்றனர். ஓவியத்தின் உயிர்த்துடிப்பு முழுவதும் அந்த மூலைக்கு நகர்ந்துவிட்டதன் இரகசியம் இதுவே என்பது நமது கருத்து.

4

உருவ அளவு பற்றிய செய்தி இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. நடுப்பலகையிலே இடையர் மரியாளுக்கும் சூசையப்பருக்கும் ஒத்த அளவினர், ஆளுயர மனிதர். வானதூதர் அவர்களிலும் சிறியர். பக்கப் பலகைகளிலே நிலைமை வேறு. இடப்புறத்தே போர்த்தினாரியும் அவர் புதல்வர் அந்தோனியோ, பிஜெல்லோ ஆகியோரும். வலப்புறத்தே அவர் மனைவி மரியா பரொன்செல்லியும் மகள் மார்கெரிதாவும். அவர்களுக்குப் பின்னால் அவர்தம் பெயர்கொண்ட புனிதர்கள் கோபுரம்போல் உயர்ந்து நிற்க, வங்கியாளர் குடும்பம் அப்புனிதரின் இடுப்பளவுக்கு எட்டும் சிற்றுருவங்களாகக் காணப்படுகிறது. பெயரும் செல்வமும் உடையோர் சிறியர். பெயரும் அறியப்படாத உழைப்பாளிகள் பெரியர்.

இதனைக் கண்டு ஓவியர் செல்வர்க்கு எதிராகக் கலகக்கொடி உயர்த்தினார் என்று முடிவு கட்டுவது அவசரமாகும். புனித வரலாற்றைச் சேர்ந்தோரைப் பெரிதாகவும், அதனை வணங்கும் சமகாலத்தோரைச் சிறிதாகவும் வரைவது மத்தியகாலத்திலிருந்து வந்ததொரு மரபு. இடையர் லூக்காஸ் நற்செய்தியின் மாந்தர். ஆகவே அவர்கள் பெரியவராயிருக்க மரபு இடங்கொடுத்தது. தம்மைச் சிறியவராய் வரையுமாறு பணித்த கொடையாளரும் தமது தாழ்மையைக் காட்சிப்படுத்துவதன் மூலம் தமது மதிப்பை உயர்த்திக்கொண்டவரே. வட்டித் தொழில் திருச்சபையின் கண்டனத்துக்கு இலக்காகியிருந்த ஒரு காலத்திலே, மருத்துவமனைக்கு அளிக்கப்படும் பீட ஓவியம் ஆன்மாவுக்கான முதலீடாகவும் விளங்கியது. இவற்றையெல்லாம் நாம் ஏற்றுக்கொள்ளவேண்டும்.

ஆனால் மரபு இடங்கொடுத்தது அளவுக்குத்தான். அவ்வளவினுள்ளே எவ்வகை மனிதரை நிறுத்துவது என்பது ஓவியரின் தெரிவு. நற்செய்தியின் இடையரைத் தொன்மையான, காலங்கடந்த, சீரான முகங்களுடன் வரைந்திருப்பின் எவரும் குறைகூறியிரார். ஹூகோவோ தாம் வாழ்ந்த நாட்டின் கழனிகளிலும் சந்தைகளிலும் காணத்தக்க உழைப்பாளியின் முகத்தைப் புனித வரலாற்றின் அளவுக்குள்ளே கொண்டுவந்து வைத்தார். மரபின் வாசலினூடாக மரபு எதிர்பாராத ஒருவன் உள்ளே நுழைந்துவிட்டான். படைப்பாளியின் அரசியற் கொள்கையிலிருந்து மாத்திரம் ஒரு படைப்பின் முற்போக்குத் தன்மையை உய்த்துணர முயல்வோர் தவறவிடுவது இத்தகைய நுழைவுகளையே.

இம்முகங்களை நகைப்புக்காக வரையப்பட்டவை என்று கொள்வோரும் உளர். நாட்டுப்புறத்தானின் ஒழுங்கற்ற தோற்றம் நகரத்தார்க்கு வேடிக்கைப் பொருளாயிருந்தமை உண்மையே. ஆயின், நகைப்புக்குரியவனை ஓவியர் ஓரத்திலே, சிறிதாக, பிறர் கண்ணிற் படும் பொருளாக அமைப்பார். இங்கே இடையர் பார்க்கப்படுபவராக மாத்திரமன்றிப் பார்ப்பவராகவும் அமைந்துள்ளனர். பீடத்தின் முன் நிற்கும் மனிதன் அவர்களுடைய பார்வையைப் பின்தொடர்ந்தே பாலனை அடைகிறான். ஒருவனுடைய கண்ணைக் கடன்வாங்கிக்கொண்டு அவனை எள்ளி நகையாடுவது எளிதன்று. வலப் பலகையின் பின்புலமும் இதற்குத் துணைநிற்கிறது. பரிவாரத்துடன் வரும் கீழைத்தேச ஞானியருக்கு முன்னே சென்ற ஏவலாள் ஒருவன் நாட்டுப்புறத்தான் ஒருவனிடம் வழி கேட்கிறான். அரசர்க்கு வழி தெரியவில்லை. நிலத்தை அறிந்தவனுக்குத் தெரிகிறது.

ஓவியரின் வாழ்க்கையைக் கொண்டு இம்முகங்களை விளக்க முனைவதும் நெடுநாள் வழக்காயுள்ளது. ஹூகோ 1467 இல் கென்ட் நகரின் ஓவியர் சங்கத்தில் உறுப்புரிமை பெற்று, பின்னர் அதன் தலைவருமானவர். கோமகனின் விழா அலங்காரங்களுக்காகவும் உழைத்தவர். புகழின் உச்சியில் நின்றபோது பிரசல்ஸுக்கு அண்மையிலுள்ள செம்மடத்திலே துறவறச் சகோதரராகச் சேர்ந்தார். அங்கே கொடிய மனநோய்க்கு ஆளாகி, தாம் மீட்சியற்றவர் என்று புலம்பியதையும், மடத்துத் தலைவர் இசையினால் அவரைத் தேற்ற முயன்றதையும் உடனுறைந்த துறவியான கஸ்பார் ஓவ்ஹுய்ஸ் பின்னாளில் எழுதிவைத்தார். 1482 அளவில் அவர் காலமானார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தனிமனிதவாத உணர்வு இச்செய்தியைப் பற்றிப்பிடித்துக்கொண்டது. பெல்ஜிய ஓவியர் வௌற்றேர்ஸ் 1872 இல் 'ஹூகோவின் பித்து' என்னும் பொருளில் ஓவியமே தீட்டினார். அதன்பின் இடையரின் விரிந்த கண்களிலும் பித்தினைக் காண்பது வழக்காயிற்று. ஆனால் நோய் முற்றியது ஏறத்தாழ 1480 இல். இவ்வோவியமோ அதற்கு முந்தியதாகக் கொள்ளப்படுவது. மேலும், இடையரின் வியப்பை ஓவியரின் நோயாக மாற்றிவிடும்போது, உழைப்பாளியிடமிருந்து ஓவியர் எடுத்துக்கொடுத்த முகத்தை நாம் மீண்டும் அவனிடமிருந்து பறித்துவிடுகிறோம். பேர்லினிலுள்ள அவரது பிற்காலத் திருப்பிறப்பு ஓவியத்திலே இடையர் இடப்புறமிருந்து பாய்ந்தோடி வருகின்றனர். ஆகவே இவர்கள் ஒருமுறை தோன்றிய மனப்பிரமையல்லர். ஓவியர் மீண்டும் மீண்டும் அணுகிய கலைச் சிக்கல் எனலாம்.

5

பீட ஓவியம் புளோரன்ஸை அடைந்தபோது அங்குள்ள ஓவியர் அதனால் ஈர்க்கப்பட்டனர். அதன் எண்ணெய் வண்ணத்தின் ஆழமும் பொருள்களின் நுண்மையும் அவர்கட்குப் பாடமாயின. இச்செல்வாக்கின் மிகத் தெளிவான சான்று, டொமெனிக்கோ கிர்லாந்தாயோ 1485 இல் சாந்தா திரினித்தா தேவாலயத்தின் சசெற்றி சிற்றாலயத்துக்காக வரைந்த 'இடையரின் வணக்கம்' என்னும் ஓவியம். இதனைச் செய்வித்த பிரான்செஸ்கோ சசெற்றி வேறெவருமல்லர். மெடிச்சி வங்கி முழுவதற்கும் பொது முகாமையாளராயிருந்தவர். ஒரே வங்கியைச் சேர்ந்த இருவர், ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளியில், ஒரே பொருளில் செய்வித்த ஈரோவியங்களை ஒப்புநோக்கும் வாய்ப்பு இவ்வாறு நமக்குக் கிட்டுகிறது.

கிர்லாந்தாயோவின் ஓவியத்திலும் வலப்புறத்தே இடையர் உளர். ஹூகோவின் இடையரிடமிருந்து பெற்ற நாட்டுப்புறச் சாயலும் அவர்களிடம் உண்டு. ஆனால் முன்னே மண்டியிட்டிருப்பவருக்கு ஓவியர் தமது சொந்த முகத்தையே கொடுத்துள்ளார் என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது. அவர் பாலனைக் கையாற் சுட்டிக்காட்டுகிறார். சுட்டிக்காட்டுபவர் அறிந்தவர், வியப்பவரல்லர். பாலனுக்குத் தீவனத் தொட்டியாக இலத்தீன் எழுத்துப் பொறித்த உரோமானியக் கற்பேழை. பின்னணியிலே ஞானியரின் நீண்ட ஊர்வலம் வெற்றி வளைவொன்றினூடாக வருகிறது. பழைய உரோமின் கல்வியும் புதிய புளோரன்ஸின் செல்வமும் ஒன்றையொன்று வாழ்த்தும் காட்சி அது. மாட்டுக்கொட்டிலின் வறுமை தொல்பொருளாய்வின் சிறப்பாக மாறிவிட்டது.

உருவ அளவிலும் நிலைமை தலைகீழாகியுள்ளது. கிர்லாந்தாயோவின் பலகை 167 சென்ரிமீற்றர் உயரமும் அதே அகலமும் கொண்டது. அதிலுள்ள இடையர் ஆளுயரத்திலும் குறைந்தவர். அப்பலகைக்கு இருமருங்கும் சுவரிலே பிரான்செஸ்கோ சசெற்றியும் அவர் மனைவி நேரா கோர்சியும் ஏறத்தாழ ஆளுயர உருவில் சுவரோவியமாக மண்டியிட்டிருக்கின்றனர். அங்கே போர்த்தினாரி சிறியவர், இடையர் பெரியவர். இங்கே சசெற்றி பெரியவர், இடையர் சிறியவர்.

இவ்வேறுபாட்டைத் தனி ஓவியரின் மனப்பாங்காக மாத்திரம் விளக்கமுடியாது. கொடையாளரைப் புனிதருக்குச் சமமான அளவில் வரைவது புளோரன்ஸில் முன்னரே தொடங்கிவிட்டது. 1420களில் மசாச்சியோ வரைந்த 'திரித்துவம்' சுவரோவியம் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வணிக வர்க்கம் தன்னைத் தானே மதிக்கக் கற்றுக்கொண்டதன் வெளிப்பாடு அது. மனிதனை மையமாகக் கொண்ட புதிய நோக்கு, கணித அடிப்படையிலான தூரக்காட்சி, தொன்மைக் கல்வி ஆகிய மறுமலர்ச்சியின் பேறுகளெல்லாம் இதனோடு பிணைந்தவை. அவை வரலாற்று முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்முன்னேற்றத்தின் விலையை இவ்வீரோவியங்களும் சேர்ந்து காட்டுகின்றன. 'மனிதன்' உயர்ந்தான் என்று கூறும்போது, உயர்ந்த மனிதன் எவன் என்ற வினா எழுகிறது. பழைய, பிற்போக்கானதெனத் தோன்றும் அளவு மரபு பெயரற்ற இடையனுக்கு இடமளித்தது. புதிய, முற்போக்கான மரபு அவ்விடத்தை வங்கியாளருக்கு வழங்கிவிட்டு இடையனைச் சட்டகத்துக்குள் அழகாக ஒதுக்கிவைத்தது. கலை வரலாற்றிலே வளர்ச்சி ஒரே நேர்கோட்டிற் செல்வதில்லை என்னும் இயங்கியல் உண்மைக்கு இதனிலும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

யதார்த்தம் பற்றிய நமது எண்ணமும் இவ்வொப்பீட்டினால் திருத்தம் பெறுகிறது. கிர்லாந்தாயோ பிளாந்தர் ஓவியரிடமிருந்து இடையரின் தோற்றத்தைப் பெற்றுக்கொண்டார். அவர் தேர்ந்த கலைஞர். தோற்றத்தை வழுவின்றி வரைந்தார். ஆயினும் ஹூகோவின் ஓவியத்தில் இடையர்க்கும் ஏனையோர்க்கும் இடையே நிலவிய உறவு மறைந்துவிட்டது. சொரசொரப்பான தோலையும் முரட்டுத் துணியையும் வரைவது மாத்திரம் யதார்த்தமாகாது. ஒரு மனிதன் தனது உலகத்தில் எங்கே நிற்கிறான், அவன் எதனைக் காண்கிறான், யார் அவனைக் காண்கிறார் என்னும் உறவுகளின் உண்மையே யதார்த்தத்தின் உயிர்நாடி. வறியோரைப் பாத்திரங்களாகக் கொண்டதனாலேயே தம்மை யதார்த்தவாதிகளெனக் கருதிக்கொள்ளும் எழுத்தாளரும் எண்ணிப்பார்க்கவேண்டிய செய்தி இது.

6

ஹூகோவின் ஓவியத்துக்கும் எல்லைகள் உள. அதிலே இடையர் வணங்க வந்தவர், கேட்க வந்தவரல்லர். கோதுமைக் கட்டு அவர்கள் முன்னே கிடக்கிறது, ஆனால் அது உண்ணுதற்குரியதன்று, திருவுணவின் குறியீடு. இடப் பலகையில் நிற்கும் வனத்து அந்தோனியார், மாசுபட்ட தானியத்தை உண்ட வறியோரைப் பீடித்த எரிநோயிலிருந்து காப்பவராகப் போற்றப்பட்டவர். வலப்புறத்து மார்கரீத்தம்மாள் பேறுகாலப் பெண்டிரின் காவலர். போர்த்தினாரிப் பிள்ளைகளின் பெயர்ப் புனிதராக அவர்கள் வந்தனர் என்பது உண்மையாயினும், மருத்துவமனையிற் படுத்திருந்த நோயாளியொருவன் அவர்களைத் தனக்குரியவராகவே கண்டிருப்பான். அவனுக்கு இவ்வோவியம் ஆறுதல் கூறியது. அவ்வாறுதல் அவனது நிலையை மாற்றவில்லை. துயரத்தைப் புனிதமாக்குவதன் மூலம் அதனைப் பொறுக்கத்தக்கதாக்கும் சமயத்தின் பணியையும் இப்பலகைகள் செய்தே உள்ளன.

ஆயினும் மேற்கூறிய முரண்பாடு அழிந்துவிடவில்லை. வங்கியாளரின் பணத்தினால், வங்கியாளரின் ஆன்ம ஈடேற்றத்துக்காக, வங்கியாளரின் குடும்ப மருத்துவமனைக்கென வரையப்பட்ட ஓர் ஓவியத்திலே, நம் கண்ணைத் தடுத்து நிறுத்துபவர் வங்கியாளரல்லர். படைப்பு தன்னைச் செய்வித்த நோக்கத்தை நிறைவேற்றிக்கொண்டே அந்நோக்கத்துக்கு அப்பாலும் சென்றிருக்கிறது. ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலை என்று மாத்திரம் கூறினால் இந்த அப்பாலை நாம் இழந்துவிடுவோம். கலைஞனின் உள்ளொளி என்று மாத்திரம் கூறினால் இது எதனிலிருந்து அப்பாற் சென்றது என்பதை இழந்துவிடுவோம். முற்போக்கு விமரிசனத்தின் கடமை, இரண்டையும் ஒருங்கே பற்றிக்கொண்டு, ஒன்று மற்றொன்றாக மாறும் இடத்தை உருவத்தினுள்ளேயே இனங்காண்பதாகும். இவ்வோவியத்தைப் பொறுத்தவரை அவ்விடம் வலப்புற மூலையிலே, மூன்று தலைகள் நெருக்கியடிக்கும் சிறு வெளியில் இருக்கிறது.

மெடிச்சிக் குடும்பம் 1494 இல் புளோரன்ஸிலிருந்து துரத்தப்பட, அவர்தம் வங்கியும் முடிவுற்றது. தொமாசோ போர்த்தினாரி 1501 இல், தம் முன்னோர் நிறுவிய அதே சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் இறந்தார். தாம் சிற்றுருவாய் மண்டியிட்டிருக்கும் ஓவியம் அப்போது அம்மருத்துவமனைத் தேவாலயத்தின் பீடத்திலேயே இருந்தது. கலை வரலாறு அவ்வோவியத்துக்கு அவருடைய பெயரையே சூட்டி வைத்திருக்கிறது. இடையர் மூவருக்கும் இன்றுவரை பெயரில்லை. ஓவியத்தின் முன் நிற்போர் தேடிச் செல்வதோ அவர்களுடைய முகங்களையே.